உள்ளம் தேடியவர்கள் – 17: யாருடைய கோபம்?

1946 டிசம்பர் 4, புதன்கிழமை. போர் முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகியும் லண்டனில் ரொட்டிக்கு ரேஷன். குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில்கூட ரொட்டியில் கை வைக்காத அரசாங்கம், அந்த ஆண்டு ஜூலையில்தான் அதற்கும் அளவு போட்டிருந்தது. அந்தக் குளிர்காலத்தில், பிரிட்டிஷ் உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் கூட்டத்தில் 64 வயதுப் பெண்மணி ஒருவர் எழுந்து கட்டுரை வாசித்தார். மெலனி கிளைன். மனம் தன்னைத் தானே துண்டாக்கிக்கொள்ளும் விதங்களைப் பற்றிய கட்டுரை அது.

சென்ற அத்தியாயத்தில் நாம் பார்த்த சண்டை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அன்னா ஃபிராய்டுக்கும் கிளைனுக்கும் இடையிலான வழக்கு சங்கத்தையே உடைத்துவிடும் என்று எல்லோரும் பயந்த நேரத்தில், அன்னா, கிளைன், தலைவராக இருந்த சில்வியா பெய்ன் ஆகிய மூன்று பெண்களும் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். அதற்குக் ‘கனவான்கள் ஒப்பந்தம்’ என்று பெயர் வைத்தவர் யாரோ, நகைச்சுவை உணர்வு உள்ளவராகத்தான் இருக்க வேண்டும். அந்தச் சண்டையில் கிளைனுக்கு எதிரே நின்றவர்களில் அவர் பெற்ற மகள் மெலிட்டாவும் ஒருவர். மகன் ஹான்ஸ் 1934-இல் மலையேற்ற விபத்தில் போய்விட்டான். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதையே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவரின் வீட்டு நிலவரம் இது.

அன்று வாசித்த கட்டுரைக்குள்தான் இந்த அத்தியாயத்தின் கரு இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை ‘புரொஜெக்டிவ் ஐடென்டிஃபிகேஷன்’ என்பார்கள். தமிழில் என்ன சொல்வது? கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய சொல்.

நம் அணியிலக்கணத்தில் தற்குறிப்பேற்றம் என்று ஒன்று உண்டு. பள்ளியில் படித்த எல்லோருக்கும் அந்த உதாரணம் ஞாபகம் இருக்கும். கோவலன் மதுரைக்குள் நுழையும்போது மதில்மேல் கொடிகள் ஆடுகின்றன. காற்றில் ஆடும் கொடி அது. ‘வராதே’ என்று கை அசைப்பதாகச் சொல்வது கவிஞர். தன் குறிப்பைக் கொடியின்மேல் ஏற்றுகிறார். ஃபிராய்டு சொன்ன ‘புரொஜெக்‌ஷன்’ ஏறக்குறைய இதுதான். 1911-இல் ஷ்ரேபர் என்ற ஜெர்மானிய நீதிபதியின் சுயசரிதையை வைத்து அவர் எழுதினார்: ‘நான் அவரை வெறுக்கிறேன்’ என்பதைத் தாங்க முடியாத மனம், ‘அவர் என்னை வெறுக்கிறார்’ என்று திருப்பிப் போட்டுக்கொள்ளும். ஏற்றுகிறவருக்குத்தான் வேலை. கொடிக்கு ஒன்றும் தெரியாது. அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும்.

ஏற்றியதோடு நிற்காமல், ஏற்றிய இடத்தோடு தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்வது கிளைன் சேர்த்தது. அதனால் ‘ஏற்றிப் பிணைத்தல்’ என்றே இங்கே வைத்துக்கொள்கிறேன். இதைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் மகிழ்ச்சி.

கிளைன் சொன்னதை முதன்முறை படிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். கைக்குழந்தை தன் கோபத்தையும் பயத்தையும் தாங்க முடியாமல் அவற்றைத் தன்னிலிருந்து பிய்த்தெடுத்து, கற்பனையில், தாயின் உடலுக்குள்ளேயே திணிக்கிறது. மலமும் மூத்திரமும் அந்தக் கற்பனையில் ஆயுதம். திணித்த பிறகு தாய் தனி மனுஷியாகத் தெரிவதில்லை. தன்னுடைய கெட்ட பாதியே அங்கே நின்று தன்னை முறைப்பதுபோல இருக்கிறது. ஆகவே அவளை அடக்கியாள வேண்டும், அவளிடமிருந்து தப்பவும் வேண்டும். இது கைக்குழந்தைக்கு எப்படித் தெரியும், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அன்றே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். குழந்தைகள் பொம்மைகளோடு விளையாடுவதை பெர்லினிலும் லண்டனிலும் கால் நூற்றாண்டு பார்த்ததும், பெரியவர்களில் மனம் சிதைந்தவர்களின் பேச்சைக் கேட்டதும்தான் அவர் கையிலிருந்த ஆதாரம். அதிலிருந்து தொட்டில்வரை பின்னோக்கி நடந்தார். அந்த நடையை நம்பாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பலர் தவறவிடும் ஓர் இடம் அதே கட்டுரையில் உண்டு. கெட்டதை மட்டுமல்ல, தன்னிடம் உள்ள நல்லதையும் மனிதர் அடுத்தவருக்குள் வைப்பார்கள் என்கிறார் கிளைன். அளவோடு இருந்தால் அது அன்புக்கு வேண்டியதுதான். அளவு மீறினால் வைத்தவரின் கை காலியாகிவிடும். தன் அறிவு, தைரியம், இனிமை எல்லாம் எதிராளியிடம் இருப்பதாகவும், தான் வெறும் கூடு என்றும் தோன்றும். பிறகு அவரைப் பிரிவது எப்படி? பிரிந்தால் தன்னையே அல்லவா விட்டுவிட்டு வர வேண்டும்! காதலில் தோற்றவர்கள் ‘எனக்குள் எதுவுமே மிச்சமில்லை’ என்று சொல்வதை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இத்தனையையும் சொன்ன கிளைன் அதற்குப் பெயர் சூட்டுவதில் அவசரம் காட்டவில்லை. 1946 வடிவத்தில் அந்தத் தொடர் போகிறபோக்கில் ஓரிடத்தில் வருகிறது, அவ்வளவுதான். ‘இதற்கு இந்தப் பெயரை முன்வைக்கிறேன்’ என்ற வாக்கியம் 1952-இல் அதே கட்டுரையைத் திருத்திப் புத்தகத்தில் சேர்த்தபோதுதான் நுழைந்தது. 1955-இல் அவர் இதை விளக்க எடுத்துக்கொண்டது ஒரு நோயாளியைக்கூட அல்ல; பிரெஞ்சு நாவல் ஒன்றை. ஜூலியன் கிரீன் எழுதியது. அதில் ஃபாபியன் என்ற ஏழைக் குமாஸ்தா சைத்தானோடு ஒப்பந்தம் போட்டு, ஒரு மந்திரத்தை முணுமுணுத்து, விரும்பியவர் உடலுக்குள் புகுந்துகொள்கிறான். முதலாளியாகிறான், வேறொருவனாகிறான், ஓர் உடலில் இருந்தபடி கொலைகூடச் செய்கிறான். கடைசியில் தன் பழைய உடலைத் தேடி வந்து சேர்கிறான். கூடுவிட்டுக் கூடு பாயும் கதைகளில் வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. பாய்ந்தவன் விட்டுவிட்டு வந்த கூட்டின் கதி என்ன என்று கிளைன் கேட்டதுதான் புதிது.

ஆனால் கவனியுங்கள். இதுவரை எல்லாமே ஒருவர் தலைக்குள் நடக்கிறது. கொடி கை அசைப்பதாகக் கவிஞருக்குத்தான் தோன்றுகிறது. கொடி உண்மையிலேயே ‘வராதே’ என்று ஆடத் தொடங்குமா?

இந்தக் கேள்வியைத் திறந்துவிட்டவர் கிளைனின் நெருங்கிய சிஷ்யை பவுலா ஹைமன். டான்ஸிக்கில் பிறந்தவர், ஹிட்லர் வந்ததும் லண்டனுக்கு ஓடிவந்தவர், கிளைனிடமே பகுப்பாய்வு செய்துகொண்டவர். 1949-இல் சூரிச்சில் நடந்த சர்வதேச மாநாட்டில் அவர் ஒரு சிறு கட்டுரை படித்தார். நோயாளி பேசும்போது வைத்தியருக்குள் எழும் எரிச்சல், தூக்கம், இரக்கம் இவையெல்லாம் வைத்தியரின் குறைபாடு என்றுதான் அதுவரை சொல்லி வந்தார்கள். கண்ணாடியில் படிந்த தூசு. துடைத்துவிட்டு வேலையைப் பார். ஹைமன் அதை மறுத்தார். அந்த உணர்ச்சி நோயாளி உண்டாக்கியதாகவும் இருக்கலாம்; அதைத் துடைக்காமல் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார்.

கிளைனுக்கு இது பிடிக்கவே இல்லை. ஐந்தாறு ஆண்டுகளில் இருவரும் பிரிந்தார்கள். கோட்பாட்டைத் தந்த ஆசிரியை, அதன் மிக இயல்பான அடுத்த அடியை ஏன் எடுக்க மறுத்தார் என்று இன்றும் விவாதிக்கிறார்கள். கிளைன் வழிவந்த பகுப்பாய்வாளர் ஹன்னா சீகல் பிற்காலத்தில் சொன்ன ஒரு கதையில் பதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஓர் இளம் பகுப்பாய்வாளர் கிளைனிடம் வந்து, ‘நோயாளி தன் குழப்பத்தை எனக்குள் போட்டுவிட்டார் என்று அவரிடம் விளக்கினேன்’ என்று பெருமையாகச் சொன்னாராம். அதெல்லாம் இல்லையப்பா, குழம்பியது நீதான் என்றாராம் கிளைன்.

அந்தக் கிழவியின் பயம் வீண் பயமல்ல. வைத்தியருக்குக் கொட்டாவி வந்தால் நோயாளி சலிப்பைத் திணித்துவிட்டார். கோபம் வந்தால் நோயாளியின் கோபம். தப்பாகப் புரிந்துகொண்டால் அதுவும் நோயாளியின் கைவரிசை! ஒரு தொழிலுக்கே இதைவிட வசதியான தப்பிக்கும் வழி கிடைக்குமா?

இவ்வளவு ஆபத்தான கதவு வழியாக உள்ளே போய், உருப்படியான ஒன்றோடு வெளியே வந்தவர் வில்ஃபிரட் பியான். அவர் கதையைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும்.

1897-இல் மதுராவில் பிறந்தவர். தகப்பனார் ஆங்கிலேயப் பொறியாளர். ஆயாவின் மடியில் வளர்ந்த பையனை எட்டு வயதில் கப்பலேற்றி இங்கிலாந்துப் பள்ளி விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு இந்தியாவை அவர் பார்க்கவே இல்லை. பத்தொன்பது, இருபது வயதில் டாங்கிப் படை. 1917-இல் காம்பிரே போரில் காட்டிய வீரத்துக்குப் பெரிய பதக்கம் கிடைத்தது. 1918 ஆகஸ்டில் அமியான் போர்க்களத்தில் நடந்ததைத்தான் அவரால் கடைசிவரை இறக்கி வைக்க முடியவில்லை. செய்தி கொண்டுபோகும் சின்னப் பையன் ஒருவன், குண்டு பட்டு மார்பு பிளந்து பக்கத்தில் கிடக்கிறான். அம்மாவுக்கு எழுதுங்கள் சார், எழுதுவீர்கள்தானே என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். இவன் வாயை மூட மாட்டானா என்று தவிக்கிறார் பியான். அவர் இறந்த பிறகு 1982-இல் வெளிவந்த சுயசரிதையில் இதை எந்த மெழுகும் பூசாமல் எழுதியிருக்கிறார்.

போருக்குப் பின் வரலாறு படித்தார், பிறகு மருத்துவம். 1930-களில் டாவிஸ்டாக் மருத்துவமனையில் அவரிடம் வந்தவர்களில் ஒருவர் சாமுவேல் பெக்கெட். அடுத்த போரில் ராணுவ மருத்துவராகி, மனம் முடங்கிய சிப்பாய்களைக் குழுவாக உட்காரவைத்துப் பேசவிட்டுப் பார்த்தார். 1945-இல் முதல் மனைவி பிரசவத்தை ஒட்டி இறந்துபோனார். கையில் பச்சைக் குழந்தை. அதே ஆண்டுதான் கிளைனிடம் தன்னைப் பகுப்பாய்வுக்கு ஒப்புக்கொடுத்தார்.

குழுக்களைப் பார்த்த அனுபவம் அவருக்குக் கை கொடுத்தது. குழுவின் நடுவே உட்கார்ந்திருப்பவருக்குத் திடீரென்று ஓர் உணர்ச்சி பிடிக்கும். நியாயமான, சூழ்நிலைக்குப் பொருத்தமான உணர்ச்சி என்றே தோன்றும். ஆனால் வேறு யாருடைய கற்பனையிலோ தனக்கு ஒரு வேஷம் கொடுத்து ஆடவிட்டிருக்கிறார்கள். அந்த மரத்த நிலையை உதறி எழுவதுதான் முதல் வேலை என்று 1952-இல் எழுதினார். நம் ஊர்க் கூத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; வேஷம் கட்டியது தெரியாமல் ஆடுவதுதான் இங்கே விசேஷம்.

பிறகு 1957-இல் சங்கத்தில் வாசித்து 1959-இல் அச்சான கட்டுரை. அதில் ஒரு நோயாளி வருகிறார். சாவு பயம் அவருக்குத் தாங்க முடியாத அளவில் இருக்கிறது. அதைப் பியானுக்குள் போட்டுவிடப் பார்க்கிறார். அங்கே கொஞ்சநேரம் கிடந்தால் பயம் சற்று ஆறும், பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை. பியானோ அதைச் சட்டென்று தட்டிவிடுகிறார் என்று நோயாளிக்குப் படுகிறது. ஆகவே இன்னும் முரட்டுத்தனமாகத் திணிக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் வைத்தியர்மீது தாக்குதல். உள்ளே இருப்பது ஒரு விண்ணப்பம்.

இங்கே பியான் ஒரு தாயைக் கற்பனை செய்து பார்க்கிறார். குழந்தை அழுகிறது. பால் கொடுக்கிறாள், துணி மாற்றுகிறாள், கடமையில் குறை இல்லை. ஆனால் ‘இந்தப் பிள்ளைக்கு என்னதான் வேணுமோ தெரியவில்லை’ என்ற பொறுமையின்மை. குழந்தைக்குத் தான் செத்துவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயம் அவளுக்குள்ளும் போய் ஒரு கணம் தங்கி, அவள் ஆடிப்போகாமல் நின்றால் போதும். குழந்தைக்குத் தாங்கக்கூடிய வடிவில் திரும்பிவரும். அவள் வாங்க மறுத்தால், போன பயம் இருந்த அர்த்தத்தையும் இழந்து, பெயரில்லாத பீதியாகத் திரும்புகிறது. 1962-இல் இதை இன்னும் விரித்து, ஒன்று ஏந்துகலம், மற்றது அதில் ஏந்தப்படுவது என்று இரண்டாகப் பிரித்துச் சொன்னார். நாம் எண்ணங்களை எண்ணக் கற்றுக்கொண்டதே இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் என்றும் சொன்னார்.

அமியான் களத்தில் வாங்க மறுத்த ஒரு விண்ணப்பம்தான் நாற்பது ஆண்டுக்குப் பின் கோட்பாடாக வந்தது என்று எழுத எனக்கும் ஆசை. அப்படி நேர்க்கோடு போட்டுவிட முடியாது. ஆனால் அந்தக் கட்டுரையையும் அந்தச் சுயசரிதையையும் அடுத்தடுத்துப் படித்தவர்கள் அந்தப் பையனின் குரலை மறக்க மாட்டார்கள்.

கிளைன் 1960 செப்டம்பரில் இறந்தார். தன் கற்பனைக் கோட்பாடு இரு மனிதர்களுக்கு இடையே நடக்கும் சம்பவமாக மாறிக்கொண்டிருப்பதை அவர் பார்த்தார்; முழு மனதோடு ஆசி சொன்னார் என்று யாரும் சொல்வதில்லை.

இதற்கிடையே, நகரத்தின் இன்னொரு மூலையில், வேறு ஒரு கூட்டம் இதே இடத்துக்கு வேறு வழியாக வந்துகொண்டிருந்தது. போர் முடிந்து ஆண்கள் வீடு திரும்பினார்கள். ஐந்தாறு வருடம் பிரிந்திருந்த தம்பதிகள் ஒருவரையொருவர் அந்நியர்போலப் பார்த்தார்கள். 1938-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து சுமார் 6,000 விவாகரத்துகள். 1947-இல் சுமார் 60,000. 1948-இல் எனிட் ஐக்ஹோல்ட்ஸ் என்ற சமூகப் பணியாளர் ‘குடும்ப உரையாடல் பணியகம்’ ஒன்றைத் தொடங்கினார். (பிற்காலத்தில் உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலிண்ட்டை மணந்து எனிட் பாலிண்ட் ஆனவர் இவர்தான்.) சோபாவில் படுக்கவைத்து வருடக்கணக்கில் பேசும் வைத்தியமல்ல இது. கணவருக்கு ஒரு பணியாளர், மனைவிக்கு ஒரு பணியாளர், தனித்தனி அறை. வாரம் ஒருமுறை பணியாளர்கள் கூடிப் பேசுவார்கள்.

டாவிஸ்டாக்கில் ஹென்றி டிக்ஸ் என்ற மனநல மருத்துவர் இதே காலத்தில் தம்பதிகளுக்கென்று ஒரு பிரிவு நடத்தினார். எஸ்தோனியாவில் பிறந்தவர், போரின்போது பிரிட்டனில் பிடிபட்ட நாஜித் தலைவர் ருடால்ஃப் ஹெஸ்ஸின் மனநிலையைப் பரிசோதித்தவர்களில் ஒருவர். ஹெஸ்ஸை முடித்துவிட்டுக் கணவன் மனைவி சண்டைக்கு வந்தவர் சும்மா வந்திருக்க மாட்டார். 1967-இல் தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். அவர் கேட்ட கேள்வி எளிமையானது: இவ்வளவு பேர் இருக்க, இவர் ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தார்?

ஒரு மாதிரிக்கு, பெயரில்லாத தம்பதி ஒன்றை வைத்துக்கொள்வோம். கணவர் ஜென்மத்தில் குரல் உயர்த்தியதில்லை. கோபப்பட்டால் அடி விழும் வீட்டில் வளர்ந்தவர். கலகலவென்று, பட்டென்று பேசும் பெண்ணைப் பார்த்ததும் மயங்கினார். தன்னால் முடியாததை அவள் எவ்வளவு சுளுவாகச் செய்கிறாள்! அவளுக்கோ அவருடைய நிதானம் நிழல். கல்யாணம் ஆகிறது. நிலக்கரிக்காரருக்குப் பணம் கொடுக்க மறந்துபோகிறார். சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. மாமியார் குத்திப் பேசும்போது செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைக்கிறார். அவள் கத்துகிறாள். அவர் மெதுவாக, ‘ஏன் இப்படிக் கத்துகிறாய்?’ என்கிறார். அவள் இன்னும் கத்துகிறாள். பத்து வருடத்தில் ஊருக்கெல்லாம் அவள் பஜாரி, அவர் சாது. அவளுக்கே ஆச்சரியம்: தோழிகளோடு இருக்கும்போது நான் இப்படி இல்லையே?

அவள் கத்துவது அவளுடைய பங்கு மட்டுமல்ல. அவருடைய பங்கும் சேர்த்து. அவர் தன் கோபத்தை அவளிடம் குடியமர்த்தியிருக்கிறார். அங்கே வைத்து அதைக் கண்டிக்கலாம், அஞ்சலாம், ரகசியமாக ரசிக்கவும் செய்யலாம். ஒருநாள் அவள் கத்துவதை நிறுத்திவிட்டால் முதலில் தடுமாறுவது அவர்தான். டிக்ஸ் இதைக் கூட்டுச்சதி என்ற பொருள்படும் சொல்லால் குறித்தார். ஒருவர் ஏற்ற, இன்னொருவர் சம்மதிக்க வேண்டும். அவளும் தன் நிதானத்தை அவரிடம் அடகு வைத்திருக்கிறாள். ‘எனக்கு யோசிக்கத் தெரியாது, அவர்தான்’ என்பாள்.

கொடி ஆடத் தொடங்குவது இப்படித்தான். மந்திரம் எதுவும் இல்லை. மௌனம், தாமதம், மறதி, ஒரு பெருமூச்சு, செய்தித்தாளைப் பிரிக்கும் சத்தம். 1979-இல் அமெரிக்கர் தாமஸ் ஆக்டன் இதைத்தான் அழுத்தமாகச் சொன்னார்: உண்மையான நெருக்குதல் இல்லாமல் வெறும் கற்பனையால் இது நடக்காது. ஏற்றுவது, நெருக்குவது, எதிராளி அதை வாங்கித் தன் மனத்தில் பதப்படுத்தித் திருப்பித் தருவது என்று மூன்று கட்டமாகப் பிரித்தார். மூன்றாவது கட்டம் நடந்தால் வைத்தியம். நடக்காவிட்டால் அடுத்த பத்து வருடச் சண்டை.

எல்லோர்மீதும் எல்லாமும் ஏறாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பியான் இதற்கு வேதியியலிலிருந்து இணைதிறன் என்ற சொல்லை எடுத்தார். நம் பள்ளிப் பாடத்தில் ஹைட்ரஜனுக்கு ஒன்று, ஆக்சிஜனுக்கு இரண்டு என்று படித்தோமே, அதே சொல்தான். கோபத்துக்குக் கொக்கி உள்ள மனிதர்மேல்தான் அடுத்தவரின் கோபம் வந்து மாட்டும். ஆகவே, ‘இது உன் கோபம், நீதான் எனக்குள் போட்டாய்’ என்று துணையிடம் சொல்கிற புத்திசாலிகள் பாதிதான் படித்திருக்கிறார்கள். கொக்கி யாருடையது?

பணியகத்தின் வாராந்தரக் கூட்டங்களில் ஒரு விநோதம் தெரிந்தது. கணவரைப் பார்ப்பவரும் மனைவியைப் பார்ப்பவரும் நல்ல சிநேகிதர்கள். ஆனால் குறிப்பிட்ட ஒரு தம்பதியைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் மட்டும் ஒருவர் குரல் ஏறும், மற்றவர் ஜன்னலைப் பார்ப்பார். அடுத்த தம்பதிக்குப் போனதும் சரியாகிவிடும். அங்கே பணியாற்றிய ஜேனட் மேட்டின்சன் இதை வைத்தே 1975-இல் ஒரு புத்தகம் எழுதினார். மேற்பார்வை செய்பவரும் தப்புவதில்லை என்றார் அவர். பணியாளர் வந்து அறிக்கை சொல்லும்போது, மேற்பார்வையாளருக்கே காரணம் தெரியாத ஓர் எரிச்சல் கிளம்பும். வழக்கமில்லாத கடுமையோடு ஏதோ சொல்லிவிடுவார். சமையலறையில் தொடங்கிய சண்டை மூன்று அறை தாண்டி, அந்தத் தம்பதியைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒருவருடைய நாக்கில் வந்து உட்கார்ந்திருக்கும்.

(தொடரும்)